பிராகோவின் உலக்கை

பாஃபோ குழலை உதட்டில் வைத்ததுதான் தாமதம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிராகோ உலக்கையைத் தூக்கிவிட்டாள்.

டொம். டொம். டொம்.

"ஆரம்பிச்சுட்டா பாரு. புள்ளை வாசிக்க உட்கார்ந்தா போதும், அவளுக்கு மூக்குல வேர்த்துடும்," என்று முணுமுணுத்துக்கொண்டே கொனாடு தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் அந்த வீட்டுக்கு ஒரே முற்றம், சுற்றி ஆறு குடித்தனம். யார் எதை இடித்தாலும் எல்லார் காதுக்கும் பங்கு உண்டு. அதற்காக, பையன் ஊதுகிற நேரமாகப் பார்த்தா தினமும் அவித்த மரவள்ளியையும் வாழைக்காயையும் போட்டு ஃபுஃபு இடிக்க வேண்டும்? போன மழைக்காலத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றுக்காக இரண்டு பேரும் போட்ட சண்டையை மனசில் வைத்துக்கொண்டு பழி வாங்குகிறாள். கொனாடுவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

குழல் ஒன்றும் பொழுதுபோக்குக்கு இல்லை. கொனாடுவின் மகன் பாஃபோவுக்கு எழுத்து ஏறவில்லை. புத்தகத்தைத் திறந்தால் பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு அடுத்த வரிக்கு ஓடுவான். வாசிப்புப் பரீட்சையில் இந்தத் தடவையும் தவறினால் தங்கச்சியோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்து டான்சோ மாஸ்டர்தான் மூங்கில் குழலைப் பையன் கையில் கொடுத்தார். முற்றத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"சங்கீதம் கத்துக்கிற புள்ளைக்கு மூளையில காதுக்கும் எழுத்துக்கும் நடுவுல பாதை பழகும்மா. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல காத்திருக்கப் பழகிட்டான்னா, வார்த்தையை முழுங்க மாட்டான். ஒண்ணே ஒண்ணு, அவன் ஊதறப்ப வீட்ல யாராவது நிதானமா தாளம் போடணும்."

"நானே போடறேன் மாஸ்டர்," என்றாள் கொனாடு.

போட வேண்டும் என்றுதான் நினைத்தாள். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றால் அவளும் என்னதான் செய்வாள்?

ஆனாலும் குழல் வேலை செய்தது. கொஞ்ச நாளில் பாஃபோ ஒரு முழுப் பக்கத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினான். கொனாடு அன்றைக்குத் துணியைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷ அழுகை.

இதோ, பரீட்சை நெருங்கிவிட்டது. இப்போதும் டொம் டொம் என்றால்?

விறுவிறுவென்று முற்றத்தைத் தாண்டிப்போய், பிராகோவின் சமையல் கொட்டகைத் தடுப்புக்கு வெளியே நின்றாள்.

"ஏன்க்கா, ஒத்தை ஆளு நீங்க. தினமும் ஃபுஃபுவா?"

"எனக்குப் பசி ஜாஸ்தி," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"புள்ளை ஊதி முடிக்கிற வரைக்கும் பொறுக்காதா அந்தப் பசி?"

"பொறுக்காது."

டொம்.

கொனாடு நேரே வீட்டுச் சொந்தக்காரரிடம் போனாள். அவரும் வந்தார். குழல் ஊதும் நேரத்தில் யாரும் உலக்கையைத் தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். பிராகோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாஃபோவைப் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முற்றம் நிம்மதியாக இருந்தது. கொனாடுவின் மெஷின் கடகடவென்று ஓடியது.

பாஃபோவின் குழலும் ஓடியது. பாட்டு மூச்சு வாங்கி, தடுமாறி, பாதியில் நின்றது. புத்தகத்தை எடுத்தான். பழையபடி வார்த்தைகளை முழுங்கினான். அடுத்த நாளும் அதே கதைதான்.

"என்னடா ஆச்சு உனக்கு? நல்லாத்தானே படிச்சிட்டிருந்த?"

"அத்தையை இடிக்கச் சொல்லும்மா," என்றான் பையன், அழுகையை அடக்கிக்கொண்டு.

கொனாடுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் பழகிப்போய்விட்டது போல. அதற்காக, தான் யார் மேல் புகார் சொன்னாளோ அவளிடமே போய் நிற்பதா? ரொம்ப நேரம் மனசுக்குள் மல்லுக்கட்டினாள். கடைசியில் பிள்ளைதான் ஜெயித்தான்.

மரவள்ளியும் வாழைக்காயும் அவித்து, ஆவி பறக்கக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பிராகோ வாசலில் போய் நின்றாள். பாஃபோ குழலோடு பின்னால்.

"அக்கா, இதைக் கொஞ்சம் இடிச்சுக் குடுங்க. நான் உட்கார்ந்து உரல்ல மாவைத் திருப்பி விடறேன். புள்ளை இங்கயே ஊதட்டும்."

"வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"கேலி பண்ணாதீங்கக்கா. நாளைக்குப் பரீட்சை."

பிராகோ சிரித்துவிட்டாள். "உள்ள வா."

கொனாடு கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உரல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கவிழ்க்கப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள். உரல் காய்ந்து கிடந்தது. மரவள்ளி பட்டே பல நாள் ஆகியிருக்கும். அடியில் ஒரு பழைய சாக்கு, மடித்துப் போட்டது, இடிபட்டு இடிபட்டு நைந்து கிடந்தது.

"என்னக்கா இது? நீங்க ஃபுஃபு இடிக்கலையா?"

"எனக்கெங்க ஃபுஃபு? சர்க்கரை. டாக்டர் அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லி வருஷமாச்சு."

"அப்போ தினமும்..."

பிராகோ சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உலக்கையைக் கையில் எடுத்தாள்.

"தாளம் போட ஆள் வேணும்னு மாஸ்டர் சொன்னது எனக்கும்தான் கேட்டுச்சு. நேர்ல வந்து போடறேன்னா, கொடிக்கயிறு சண்டைக்கு அப்புறம் நீ விடுவியா? நீ பாட்டுக்கு மெஷினை மிதிக்கிற, புள்ளை அந்த வேகத்துக்கே ஓடறான். அந்தச் சத்தத்துக்கு மேல அவனுக்குக் கேட்கணும்னுதான்டி அவ்வளவு ஓங்கி இடிச்சேன்."