மீன் பொய் சொல்லாது

தோல் தொழிற்சாலைக் கழிவால் போர் தண்ணீர் கெட்டுப்போன அந்த ஆம்பூர்த் தெருவில், சௌந்தர்யா வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மட்டும் மீன்கள் துள்ளின.

“எங்க போர் தண்ணிதான்க்கா. மீனு பொய் சொல்லுமா?” என்பாள்.

எதிர்வீட்டு அமிர்தவள்ளிக்கு வயிறு எரியும். அதே தொட்டி, அதே ஃபில்டர் வாங்கித் தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றினாள். ஒரே வாரத்தில் மீன்கள் செத்து மிதந்தன.

இன்று வண்ணமீன் கடைக்குள் நிமிர்ந்து நுழைந்தாள்.

“சௌந்தர்யா வாங்கின மாதிரியே ஆறு மீனு குடுப்பா.”

“வாராவாரம் ஆறா?” என்றான் கடைக்காரன்.

“இன்னாது, வாராவாரமா?”

“செத்ததை மாத்தணுமில்ல? வூடு வித்தாச்சு, இனிமே வேணாம்னு நேத்துதான் சொன்னாங்க.”

நகையெல்லாம் விற்று நேற்று வாங்கிய சௌந்தர்யா வீட்டின் சாவி, அமிர்தவள்ளியின் இடுப்பில் உறுத்தியது.