சத்தம் போடாத மெசின்

“இது வேண்டாம். சத்தம் கூட.”

றோஸ் சொன்னதைக் கேட்டு ஜொனதனுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

சுன்னாகத்திலை ஒரு மெசின் கடை. புருசனும் பெண்சாதியும் மண் பிசையிற மெசின் வாங்க வந்திருக்கினம். மேலை மண்ணைப் போட்டால் உள்ளுக்கை குழைச்சு, பிட்டுக்குழலாலை பிட்டு வாற மாதிரி உருளையா வெளியிலை தள்ளும். காத்துக் குமிழியையும் உறிஞ்சி எடுத்துப்போடும். பண்டத்தரிப்பிலை றோஸ் நடத்துற மட்பாண்டக் கூடத்துக்கு இதைவிட வேறை என்ன வேணும்?

“மற்றதைப் போடுங்கோ தம்பி.”

கடைக்காரன் றஞ்சித் மற்றதைப் போட்டான். சின்ன மெசின். காத்தை உறிஞ்சாது. பெரியது ஒரு மணித்தியாலத்திலை செய்யிறதுக்கு இது அரை நாள் எடுக்கும். ஆனால் சத்தம் எண்டு பெரிசா ஒண்டுமில்லை, படுத்திருக்கிற பூனை மாதிரிக் கர்ரெண்டுது.

றோஸ் கண்ணை மூடிக்கொண்டு நிண்டு கேட்டா.

“இது காணும்.”

“விசரோ உனக்கு?” ஜொனதன் கடை எண்டும் பாக்கேல்லை. “இனிக் கையாலை மண் பிசைஞ்சால் மணிக்கட்டு துப்பரவாப் போயிடும் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ? இது காத்தை எடுக்காது. கடைசியிலை நீதான் திரும்பவும் இருந்து பிசையப்போறாய்.”

“கொஞ்சந்தானே, பிசைவன்.”

“ஹோட்டல்காரர் கேட்ட கோப்பையளை ஆர் குடுக்கிறது? அதுவும் கைவிட்டுப் போனால் கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.”

“எனக்குச் சத்தம் ஒத்துவராது. தலையிடிக்கும்.”

“ஓ, தலையிடி! சேர்ச் கொயரிலை நிண்டு தொண்டை கிழியப் பாடேக்கை வராத தலையிடி.”

றஞ்சித் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில்லைப் போட்டான். றோஸ் ஒண்டு நினைச்சால் நினைச்சதுதான்.

சின்ன மெசினைப் பட்டா எண்ட குட்டி லொறியிலை ஏத்திக்கொண்டு வரேக்கைதான் ஜொனதனுக்கு ஒண்டு பொறி தட்டிச்சு.

“பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் சண்டைக்கு வருவர் எண்டு பயந்தோ?”

“நானோ? அந்த மனிசனுக்கோ?” றோஸுக்கு மூக்குச் சிவந்திட்டுது.

வேலி அடைக்கேக்கை சண்முகநாதன் கதியால் தடியளை ஒரு சாண் இஞ்சாலை நட்டுப்போட்டார் எண்டது றோஸின்ரை வழக்கு. றோஸ்தான் ஒரு சாண் அங்காலை தள்ளினவ எண்டது அவற்றை வழக்கு. யாழ்ப்பாணத்திலை ஒரு சாண் காணி எண்டால் சும்மாவோ? பன்னிரண்டு வருசமாய் முகம் பாத்துக் கதையில்லை. ‘பிறனை நேசி’ எண்டு போதகர் பிரசங்கம் வைச்சால் சேர்ச்சிலை றோஸுக்கு மட்டும் இருமல் வரும்.

“அப்ப ஏன்?”

றோஸ் றோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னா.

“அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் வேலிக்கரையிலை வந்து நிண்டு போன் கதைக்கிறது. எங்கடை சயந்தன்ரை பெட்டை கனடாவிலையிருந்து எடுக்கும். வீட்டுக்குள்ளை சிக்னல் இல்லைப்போலை. காதும் மந்தமாக்கும், ஸ்பீக்கரிலை போட்டுட்டு நிக்கும். பக்கத்திலை அந்தப் பெரிய மெசின் கத்தினால் பேத்தி கதைக்கிறது என்னண்டு கேக்கும்? பாவமெல்லோ.”

“அந்த நேரம் மெசினை நிப்பாட்டினால் சரிதானே.”

“சின்னப்பிள்ளை. அது நினைச்ச நேரம் எடுக்கும்.”

ஜொனதனுக்குக் கோபம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. ‘எங்கடை சயந்தன்.’ சண்முகநாதன்ரை மகன்தான், ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் நேரா றோஸின்ரை குசினிக்குத்தான் சாப்பிட ஓடி வருவான். பிள்ளையில்லாத வீட்டிலை அவன்தான் பிள்ளை. வேலிச் சண்டையோடை அவன்ரை கலியாணத்துக்குக்கூடச் சொல்லேல்லை.

“உள்ளதைச் சொல்லு றோஸ். அவருக்குக் கேக்கவேணும் எண்டோ, உனக்குக் கேக்கவேணும் எண்டோ?”

றோஸின்ரை கண் கலங்கிப்போச்சு.

“அந்தப் பிள்ளை சிரிக்கேக்கை அச்சொட்டா அவன்தான். களவாத்தான் கேக்கிறன். எனக்கென்ன உரிமை கிடக்கு?” மூக்கை உறிஞ்சினா. “உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. பிறகு அந்த மனிசனுக்குத் தலைக்கனம் ஏறிடும்.”

அடுத்த நாள் மெசின் ஓடத் தொடங்கினதும் வேலிக்கு அங்காலையிருந்து சண்முகநாதன்ரை குரல் வந்துது.

“மெசின் வாங்கியாச்சாம்! இனி அயலட்டையெல்லாம் காது செவிடுதான்!”

“ஏற்கெனவே செவிடான ஆக்களுக்கு என்ன கவலையாம்!” றோஸ் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே திருப்பிக் குடுத்தா.

அந்த நேரம் பாத்து அங்காலை போன் அடிச்சுது. றோஸின்ரை கை மெசின்ரை சுவிச்சுக்குப் போச்சு. தேவைப்படேல்லை. மெசின் கர்ரெண்டு கொண்டு நிக்க, கிடுகு வேலிக்குள்ளாலை கனடாக் குரல் தெளிவாக் கேட்டுது.

“அப்பப்பா, ஏன் எப்பவும் வெயில்லை நிக்கிறீங்கள்? அப்பா வீட்டுக்குள்ளை வைஃபை போட்டுத் தந்தவர்தானே? உள்ளுக்குப் போய்க் கதையுங்கோவன்.”

சண்முகநாதன் குரலைத் தணிச்சார். பெரிய மெசின் எண்டால் அது கேட்டே இருக்காது.

“நீ உரத்துக் கதை குஞ்சு. உன்ரை அப்பாவைத் தூக்கி வளத்த றோஸ் மாமி வேலிக்கு அங்காலை நிக்கிறா. அவவுக்கும் கேக்கவேணுமெல்லே.”