கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி

ஸ்கேனர் கண்ணாடியை மர்லியா மூன்றாம் தரமும் துடைத்துவிட்டாள். திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி போவதாயில்லை.

"ஊத்தையாக்கும் எண்டு நினச்சேன் அக்கா. துடைக்கத் துடைக்க அங்கயே இரிக்கி."

பக்கத்தில் இருந்த பெண் கணினித் திரையில் விரிந்திருந்த சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, பிறந்தநாள் கேக், அதில் ஒன்பது மெழுகுதிரி. ஒரு லொட்ஜ் மேசையின் இழுப்பறைக்குள் கிடந்து பழுப்பேறிய படம்.

சிறுமிக்குப் பின்னால், சுவரில், மாலை போட்ட ஒரு படம் தொங்கியது. கமராவின் பிளாஷ் அதன் கண்ணாடியில் தெறித்ததில், முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாக எரிந்துபோயிருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில்தான் சிவப்புப் புள்ளி. அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி எழுத்து.

"முகம் தெரியாட்டிப் பரவாயில்லை, தங்கச்சி. அந்த எழுத்தை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கோ."

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது அந்தக் கொம்யூனிகேஷன் கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும், விசாவுக்குப் போட்டோக்கொப்பி எடுக்கவும்தான் ஆட்கள் வருவார்கள். மாளிகாவத்தையிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் மர்லியாவிடம் இப்படி ஒரு வேலையோடு யாரும் வந்ததில்லை.

"யாரு அக்கா இந்தப் புள்ள?"

"என்ர மகள்."

"நல்ல வடிவாச் சிரிக்குது. படம் புடிக்கிற ஆளப் பாத்துத்தான் அந்தச் சிரிப்பு."

அந்தப் பெண் திரையில் மகளின் கன்னத்தை விரலால் தொட்டாள்.

"நான் கடைசியாக் காணேக்க ஆறு வயசு. கனடா போகவெண்டு இஞ்ச லொட்ஜில நிண்டனாங்கள், நானும் இவரும் பிள்ளையும். பயணம் சரிவரவேணுமெண்டு நேர்த்தி வைக்க, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நான் மட்டும் பஸ்ஸில வெளிக்கிட்டனான். போற வழியில குண்டு வெடிச்சுது. றோட்டில நிண்ட தமிழாக்கள் எல்லாரையும் பொலிஸ் ஏத்திக்கொண்டு போச்சுது. நான் வெளியில வர எத்தினையோ வருஷம்."

"அல்லாஹ்வே! அவர் தேடி வரல்லயா?"

"உள்ளுக்கு இருந்து எழுதினது ஒண்டும் அவருக்குப் போய்ச் சேரேல்லைப் போல. வெளியில வந்து அந்த லொட்ஜுக்குப் போனா, லொட்ஜ்காரர் செத்துப்போயிட்டார். அவற்ற மேசை லாச்சிக்குள்ள, அங்கயிருந்து ஆரோ அனுப்பின இந்தப் படம் மட்டும் கிடந்தது. கவரும் இல்லை, விலாசமும் இல்லை."

சொல்லிவிட்டுத் திரையில், சிறுமிக்குப் பின்னால் தொங்கிய மாலைப் படத்தைக் காட்டினாள்.

"என்ர இவற்ற பேர் தியாகராசா. இது அவரோ எண்டுதான் பயம். ஒவ்வொரு நாளும் காலமை குங்குமச் சிமிழைத் திறந்துபோட்டு அப்பிடியே நிக்கிறன், தங்கச்சி. வைக்கலாமோ கூடாதோ எண்டு தெரியேல்லை."

அவள் நெற்றியில் அன்றைக்கு வைத்த பொட்டு வியர்வையில் கசிந்திருந்தது. மர்லியா அதைப் பார்த்தாள். ஸ்கேனர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாயிரத்து நானூறு டீபீஐயில போட்டு, நல்லாப் பெரிசாக்கிப் பாப்பம். கொஞ்சம் சுணங்கும்."

பட்டனை அழுத்தப் போனவள் கையை எடுத்துவிட்டாள். மேசை இலேசாக அதிரத் தொடங்கியது.

"கோச்சி போகட்டும் அக்கா. ஆடினா எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். எங்கட மெஷினுக்குக் கோச்சியெண்டா அவ்வளவு பயம்."

ரயில் இரைந்துகொண்டு போய் மறைந்தது. பிறகு கடலின் சத்தம் மட்டும். ஸ்கேனரின் வெளிச்சக் கோடு ஓர் அங்குலத்தைக் கடக்க ஒரு யுகம் எடுத்தது. திரையில் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. மாலை வந்தது. எரிந்த வெள்ளை வந்தது. புள்ளி இப்போது உருண்டையாகவே தெரிந்தது. கடைசியாக எழுத்து.

மர்லியா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"அமரர்... அதுக்குப் பொறகு மாலைட நிழல் மறைக்குது. கடைசிச் சொல்லு மட்டும் தெளிவா இரிக்கி." குரலைத் தாழ்த்தினாள். "தியாகராசா."

அந்தப் பெண் அழவில்லை. சேலைத் தலைப்பை எடுத்தாள். நெற்றியில் வைத்து, ஒருதரம், மெதுவாக இழுத்தாள். பொட்டு போய்விட்டது.

மர்லியாவுக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மாலையின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கிக்கொண்டே போனாள். இருட்டுக்குள்ளிருந்து ஓர் எழுத்தின் கொம்பு எழும்பியது. பிறகு ஒரு சுழி.

"அக்கா! நில்லுங்க, நில்லுங்க! முன்னால இன்னொரு பேர் இரிக்கி!"

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"பொம்புளப் பேர் அக்கா! அந்தச் செவப்பும் ஊத்தையில்ல. கண்ணாடிக்கு மேல வச்ச குங்குமம்!" மர்லியா சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "மௌத்தானது உங்கட மாப்பிள்ள இல்ல. படம் புடிக்கிறதே அவராத்தான் இரிக்கும். ஏன் அவசரப்பட்டுப் பொட்ட அழிச்சீங்க?"

திரையில் பெயர் இப்போது முழுதாக நின்றது. மர்லியா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பா... லேஸ்... வரி தியாகராசா. யாரு அக்கா இந்தப் பாலேஸ்வரி?"

அந்தப் பெண் சேலைத் தலைப்பில் அப்பியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். பிறகு, திரையில் முகமில்லாத அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"நான்தான், தங்கச்சி."