குனிந்து பார்க்கும்போது

பத்து வருடமாகத் திரைக்குள் ஓடும் விளையாட்டுகளை மட்டுமே செய்துவந்த நிறுவனத்தில் இன்று ஒரு தையல் இயந்திரம் ஓடுகிறது. கணினி மேசைகளுக்கு நடுவே, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் பை தைக்கும் பெண்மணி ஒருவர் அதன்முன் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் வைத்தால் வேறோர் உலகம் தெரியும் மெய்நிகர் (VR) கண்ணாடி ஒன்றை நிறுவனம் முதன்முதலாகச் செய்திருக்கிறது. அது, மாட்டியவர் குனிந்தால் மூக்குக்கு நழுவிவிடுகிறது. அதைத் தலையோடு பிடித்து வைக்கத் தைத்த மூன்று பட்டைகள் சரிப்படவில்லை, இது நான்காவது. கண்ணாடியின் மாதிரி வடிவம் நாளை தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும் எல்லா நாற்காலிகளும் அவர் பக்கம் திரும்புகின்றன.

“நானே போட்டுப் பாக்குறேன் தம்பி. எங்க அழுத்துதுன்னு எனக்குத்தான் தெரியும்.”

இளம் பொறியாளர் மாட்டிவிடுகிறார். உள்ளே தெரியும் காட்சியைப் பெண்மணி கவனிக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் தையலைத்தான் விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்.

“இப்ப குனிங்கக்கா.”

குனிகிறார். மற்றவர்களுக்குத் தெரிவது தரைவிரிப்பும் அதன்மேல் சதுரமாக விழுந்த வெயிலும். கண்ணாடிக்குள் அவர் காலடியிலோ மலை முடிந்து பாதாளம் தொடங்குகிறது. கண்ணாடி அசையவில்லை. செருப்பில்லாத கால்விரல்கள் விரிப்பைக் கவ்வுகின்றன. காற்றில் துழாவிய கை பொறியாளரின் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிறது.

“அக்கா, நிக்குதா?”

“பட்டை நிக்குது தம்பி. எனக்குத்தான் கால் நிக்கல.”

அறையே சிரிக்கிறது. கழற்ற வந்த கைகளை அவர் தலையசைத்து மறுக்கிறார். சட்டையை விடாமல் அரை அடி முன்னே நகர்ந்து, இன்னும் கொஞ்சம் குனிகிறார்.

“இருங்க, கீழ ஏதோ பளபளங்குது. ஆறா அது?”