அட்டைப்பூச்சிகளின் தீனி

அட்டைப்பூச்சிகளைப் பற்றிய கட்டுரையை எஸ்தர் ஆய்விதழின் இணையப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பேராசிரியர் குலசேகரன் தன் பெயரை முதலிலும் மனைவி பெயரை அடுத்ததாகவும் போடச் சொன்னார். அந்தம்மாள் அட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எஸ்தரின் பெயர் கடைசியில். ஆய்வகத்து அட்டைகள் வருடக்கணக்கில் குடித்து வளர்ந்தது அவள் கெண்டைக்கால் ரத்தத்தை. ஆட்டு ரத்தம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, “ஒரு சொட்டுதானேம்மா, செத்தா போயிடப்போற?” என்றவர் அவர்தான்.

‘ஆய்வில் மனிதர்கள் பயன்படுத்தப்பட்டார்களா?’ என்று திரை கேட்டது.

“இல்லைன்னு போடு.”

எஸ்தர் குனிந்து காலைச் சொறிந்தாள். பிறகு ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

“ஏய், என்ன பண்ற?”

‘அவர்களிடம் சம்மதம் பெறப்பட்டதா?’ என்றது திரை.

எஸ்தர் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“இதுக்கு என்ன போடட்டும், சார்?”