யோகனின் முறை

இறந்துபோன நண்பனின் இசையை மறுபடி கேட்கக் கேதீஸ்வரனுக்கு ஆன செலவு முப்பத்தைந்து டொலர். கிரெய்கிபர்னில் ஒருவர் பழைய வீட்டுக் கணினிக்கு நாற்பது சொன்னார். ஐந்தைக் குறைத்த பிறகுதான் இவர் அதைக் காரில் ஏற்றினார்.

ட்ருகனினா வீட்டுக் கராஜில் வைத்து, பத்திரப்படுத்தியிருந்த பிளாப்பி வட்டை அதில் போட்டுப் பார்த்தார். படிக்கிற காலத்தில் அவரும் யோகனும் முறைவைத்து, எட்டெட்டு வரியாக இதே வகைக் கணினியில் எழுதிய மெட்டு. வரிக்கு ஒரு சுரம், ஒரு பக்கத்துக்கு அறுபத்துநாலு வரி. தொடங்கியவன் யோகன். முப்பத்திரண்டாம் வரி முடிந்து, யோகனின் முறையில் நின்றுபோயிருந்தது.

பிளாப்பியை மேசை லாச்சியில் பூட்டிவைத்தார். மறு சனிக்கிழமை காலை அதில் நாற்பது வரி இருந்தன. புதிய எட்டில் ஏழாவது சுரம் வேண்டுமென்றே பிசகியிருந்தது. யோகனின் பழைய குறும்பு. கேதீஸ்வரன் தன் எட்டை எழுதினார். அடுத்த சனி ஐம்பத்தாறு ஆகியிருந்தது.

கடைசி எட்டு இவருடையது. மூன்று வாரம் இவர் எழுதவேயில்லை.

"எழுதி முடியுங்கோவன்," என்றாள் தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி வதனி.

"முடிச்சுப்போட்டா, பிறகு அவன் என்னத்துக்கு வாறது?"

"செத்த மனுசனோடயும் பேரமோ?"

நாலாவது சனிக்கிழமை மெட்டில் இரண்டாம் பக்கம் ஒன்று சேர்ந்திருந்தது. அறுபத்துநாலு வரியும் வெறுமையாக இருந்தன. கேதீஸ்வரன் சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக் கடைசி எட்டை எழுதிவிட்டுக் கணினியை அணைத்தார்.

முதல் பக்கத்தில் யோகன் முப்பத்திரண்டு, கேதீஸ்வரன் முப்பத்திரண்டு, சரி. இரண்டாம் பக்கத்தில் அறுபத்துநாலு பாக்கி. முதல் எட்டு யோகனுடையது.