செவ்வாயில் தலைதீபாவளி

தலைதீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன பரிதி, பத்து நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தான். துருவத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவந்த அவன் வண்டியைச் செவ்வாயின் புழுதிப்புயல் பாதிவழியில் மடக்கிப் போட்டுவிட்டது. கதவைத் திறந்த மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

"கோபமா மரகதம்? தீபாவளி போயிடுச்சே."

"எங்க போச்சு? மாப்பிள்ளைக்கு இன்னும் எண்ணெயே வைக்கல." அவள் மணையைக் காட்டினாள். "உட்காரு."

"ஐப்பசி அமாவாசை முடிஞ்சு பத்து நாளாச்சுடி."

"அது பூமி நிலாவுக்கு. இங்க நம்ம குட்டி நிலா ஒரு நாளைக்கு மூணு தடவை சுத்துது. மூணு அமாவாசை. அடுத்தது இப்ப வரப்போகுது, பேசாம உட்காரு."

தன் மனம் நோகக் கூடாதென்று இந்த நிமிஷம் யோசித்துச் சொல்கிறாள் என்று நினைத்து, சிரித்தபடி உட்கார்ந்தான்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெய் கறுத்து, உள்ளே போட்டிருந்த மிளகெல்லாம் கரியாகக் கிடந்தது. ஒரு தடவை காய்ச்சிய எண்ணெய் இப்படிக் கறுக்காது.

அவன் சிரிப்பு நின்றது.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் காய்ச்சினியா?"

"தலையைக் குனி" என்றாள் மரகதம்.